நம் பள்ளியின் செய்தி நாடறிவது எப்படி?

கிராமத்தில் நடைபெறும் நற்காரியங்களுள் பல, ஊரின் எல்லையைத் தாண்டி வெளியே தெரிவதில்லை. கண்மாய் தூர்வாரப்பட்டால் அதன் பயனைப் பக்கத்து வயல்காரர் கண்ணால் காண்கிறார்; சாலை போடப்பட்டால் அதன் மேல் வண்டி ஓட்டிச் செல்பவர் அறிகிறார். பள்ளிக்கூடத்தில் நடைபெறும் காரியமோ நான்கு சுவர்களுக்குள் நடந்து முடிகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் தடையின்றி வாசிக்கவும் வகுத்தல் கணக்குப் போடவும் கற்றுவிட்டனர் என்பது, ஓர் ஊருக்கு ஒரு போகம் நல்ல விளைச்சலைக் காட்டிலும் பெரிய பேறாகும். ஆயினும் அடுத்த தெருவில் உள்ள பெற்றோரே அதனை அறியாமல், கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தித் தம் பிள்ளையை வெளியூர்ப் பள்ளிக்கு வண்டியேற்றி அனுப்புவதை நாம் காண்கிறோம்.

இதனால் விளையும் நட்டம் சிறியதன்று. 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கொண்டே ஆசிரியர் எண்ணிக்கையை வகுத்திருக்கிறது. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர். ஆகவே 63 பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலிருந்து நான்கு குடும்பத்தார் தம் பிள்ளைகளை வேறிடம் மாற்றிவிட்டால், எஞ்சிய 59 பிள்ளைகள் மூன்றாவது ஆசிரியரைப் பெறும் தகுதியை இழக்கிறார்கள். ஊர்ப் பள்ளியின் நற்பெயர் என்பது வெறும் பெருமையன்று. அது ஆசிரியரையும் வகுப்பறையையும் நிலைநிறுத்தும் முளைக்குச்சியாகும்.

நற்செய்தி தெரியாமற் போவது ஒருபுறமிருக்க, குறையும் தெரியாமற் போகிறது. கூரை ஒழுகுவதும், குடிநீர்க் குழாய் உடைந்து கிடப்பதும், பேருந்து இல்லாமையால் பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுவதும், ஊராருக்குப் பழகிப்போன காட்சிகளாகிவிடுகின்றன. இவ்விரண்டு வகையையும் நாட்டார் முன் வைக்கவல்ல கருவிகளுள் பத்திரிகை முதன்மையானது. பள்ளி மேலாண்மைக் குழுவினரும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் பத்திரிகை நிருபரை அணுகும் முறையை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

செய்தி எது, விளம்பரம் எது?

முதலில் தெளிய வேண்டியது இதுவே. நமக்கு முக்கியமானவை எல்லாம் பத்திரிகைக்குச் செய்தியாகிவிடா. பள்ளியில் ஆண்டு விழா நடந்தது, தலைவர் தலைமை வகித்தார், இன்னார் வரவேற்றார், இன்னார் நன்றி கூறினார் என்று எழுதி அனுப்பினால் அது நிகழ்ச்சி நிரலேயன்றிச் செய்தியாகாது. வெளியூரில் இருந்துகொண்டு அதைப் படிக்கும் ஒரு விவசாயிக்கு அதனால் என்ன தெரிந்தது என்று நம்மை நாமே வினவிக்கொள்ள வேண்டும்.

ஒரு காரியம் செய்தியாவதற்குச் சில இலக்கணங்கள் உண்டு. அது புதியதாக இருத்தல் வேண்டும். நேற்று வரை இல்லாதது இன்று உண்டாயிருக்க வேண்டும். அது பலரைத் தொடுவதாக இருத்தல் வேண்டும். நம் ஊருக்கு நேர்ந்தது பிற ஊர்களுக்கும் நேர்வதாக இருப்பின் அதன் மதிப்பு மிகும். அதில் ஒரு மாற்றமோ முரணோ இருத்தல் வேண்டும். மூடும் நிலையில் இருந்த பள்ளி நிரம்பியது போன்றது அது. அதில் மனிதர் இருத்தல் வேண்டும். எண்ணிக்கையை மட்டும் கண்டு எவரும் மனமுருகுவதில்லை. இவை நான்கினுள் ஒன்றேனும் இல்லையெனில், அதனைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பதே போதும்.

புதுக்கோட்டை காட்டிய வழி

இதற்கு நம் மாநிலத்திலேயே சிறந்ததொரு சான்று உண்டு. 1991, 1992ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றது. எழுத்தறியாத ஆண்களுக்கும் பெண்களுக்கும் தொண்டர்கள் இரவுதோறும் எழுத்தறிவித்தனர். அப்போது மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு இயக்கத்தின் ஓர் அங்கமாகப் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டப் பழக்குவதும் சேர்க்கப்பட்டது. வயல் வேலை செய்யும் பெண்களும், கல் குவாரியில் உழைக்கும் பெண்களும், அங்கன்வாடிப் பணியாளரும், ஆசிரியைகளும் மிதிவண்டி கற்றனர். 1992ஆம் ஆண்டு உலக மகளிர் நாளையொட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு, மிதிவண்டியில் அணிவகுத்து வந்தனர். பெண்களுக்குரிய வண்டிகள் கடைகளில் கிடைக்காமற்போகவே, குறுக்குக் கம்பியுள்ள ஆண்கள் வண்டியையே வாங்கி ஓட்டியவர்களும் இருந்தனர்.

பத்திரிகையாளர் திரு. பி. சாய்நாத் பின்னர் அம்மாவட்டத்திற்கு வந்து அப்பெண்களோடு பேசி எழுதிய கட்டுரை, 1996இல் வெளிவந்த அவருடைய நூலிலும் இடம்பெற்று, புதுக்கோட்டைப் பெண்களின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் யாது? இத்தனை பேர் எழுத்தறிவு பெற்றனர் என்பது அறிக்கை. பேருந்துக்காகக் காத்து நிற்கும் நேரம் மிச்சமாகி, விளைபொருளைத் தாமே சந்தைக்கு எடுத்துச் செல்லவும், தண்ணீர் கொண்டுவரவும், பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும் ஒரு பெண் பழகிவிட்டாள் என்பது செய்தி. கல்வி கண்ணுக்குத் தெரியாத பொருள். அதனால் விளைந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிவது. நிருபருக்கு நாம் காட்ட வேண்டியது அம்மாற்றத்தையே. மேலும், அவர்கள் பத்திரிகைக்காக மிதிவண்டி ஓட்டவில்லை என்பதையும் மறத்தலாகாது. காரியம் மெய்யாக நடந்தது. அதனால்தான் செய்தியும் நிலைத்தது.

நிருபரின் நாள்

உழவரின் வேலை நேரம் அறியாமல் அவரைக் காணச் செல்பவர் வீட்டில் அவரைக் காணமாட்டார். அவ்வாறே நிருபரின் வேலை முறையை அறியாமல் அவரை அணுகுவதும் பயனற்றது.

நாளிதழ்களில் மாவட்ட நிருபர் ஒருவரும், அவருக்குத் துணையாக வட்டத்திலோ ஒன்றியத்திலோ பகுதி நேர நிருபர்களும் இருப்பது வழக்கம். பகுதி நேர நிருபருக்கு வேறு தொழிலும் இருக்கக்கூடும். அவர் ஒருவரே விபத்து, வழக்கு, அரசு விழா, கோயில் திருவிழா, சந்தை விலை ஆகிய யாவற்றையும் கவனிக்க வேண்டியவர். அவர் அனுப்பும் செய்தியைப் பத்திரிகை அலுவலகத்தில் உள்ள துணை ஆசிரியர் சுருக்கித் திருத்துவார். எது இடம்பெற வேண்டும், எது நீக்கப்பட வேண்டும் என்பதைச் செய்தி ஆசிரியர் முடிவு செய்வார். ஆகவே செய்தி வரவில்லையெனில் உள்ளூர் நிருபரைக் கடிந்துகொள்வது முறையன்று.

மறுநாள் காலைப் பதிப்பின் பக்கங்கள் மாலை முதல் உருவாகத் தொடங்குகின்றன. எனவே நிகழ்ச்சியைக் காலையில் வைத்துக்கொண்டு, குறிப்பையும் படத்தையும் பிற்பகலுக்குள் சேர்ப்பித்தால் அவை இடம்பெறும் வாய்ப்பு அதிகம். இரவு எட்டு மணிக்கு அனுப்பும் குறிப்பு, விளைச்சல் நன்றாயிருந்தும் சந்தை கலைந்தபின் சென்ற மூட்டையை ஒக்கும். மேலும், ஏதேனும் நேர்ந்த பிறகு முதன் முறையாக நிருபரைத் தேடுவதைவிட, அமைதியான நாளொன்றில் அவரைப் பள்ளிக்கு அழைத்து வகுப்பறைகளைக் காட்டிப் பழக்கம் செய்துகொள்வது நன்று. அன்று அவர் எதையும் எழுத வேண்டுமென்று எதிர்பார்த்தலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. செய்தி வெளியிடுவதற்காகப் பணமோ பரிசோ கொடுக்கும் பழக்கத்தைப் பஞ்சாயத்து ஒருபோதும் கைக்கொள்ளலாகாது. வெயிலில் வந்தவருக்கு மோர் கொடுப்பது விருந்தோம்பல். உறையில் வைத்துக் கொடுப்பது வேறு. பணம் கொடுத்துப் பெற்ற புகழுரையைப் படிப்பவர் விரைவில் இனங்கண்டுகொள்வர். பின்னர் நம் மெய்யான செய்தியையும் நம்பமாட்டார்.

குறிப்பு எழுதும் முறை

நிருபருக்குக் கொடுக்கும் குறிப்பு ஒரு பக்கத்தை மிஞ்சலாகாது. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எவ்வாறு என்னும் ஆறு வினாக்களுக்கும் முதல் இரண்டு பத்திகளிலேயே விடை கிடைத்துவிட வேண்டும். இடமில்லாதபோது துணை ஆசிரியர் கடைசிப் பத்தியிலிருந்தே வெட்டத் தொடங்குவார் என்பதால், முக்கியமானது முதலிலும் முக்கியத்துவம் குறைந்தது பின்னரும் வருதல் வேண்டும்.

உதாரணத்திற்கு ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே நடுநிலைப் பள்ளி இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியோ ஏழு கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. அவ்வூர்ப் பள்ளி மேலாண்மைக் குழு பின்வருமாறு ஒரு குறிப்பை எழுதுகிறது என்று கொள்வோம்:

“எங்கள் பஞ்சாயத்தில் சென்ற மூன்று ஆண்டுகளில் எட்டாம் வகுப்பு முடித்த பெண் பிள்ளைகள் 14 பேர். அவர்களில் 9 பேர் ஒன்பதாம் வகுப்பில் சேரவில்லை. உயர்நிலைப் பள்ளி காலை 9.15 மணிக்குத் தொடங்குகிறது. எங்கள் ஊருக்கு முதல் பேருந்து 9.40 மணிக்கு வருகிறது. அப்பேருந்தை 8.15 மணிக்கு வரச் செய்ய வேண்டுமென்று அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. புதிய பேருந்து கேட்கவில்லை. நேரத்தை மாற்றவே கேட்கிறோம். ஒன்பது பேரின் பெற்றோரும், ஊரில் இருக்கும் பிள்ளைகள் எழுவரும் நேரில் பேச இசைந்துள்ளனர்.”

இக்குறிப்பின் பலம் எதில் இருக்கிறது? அடைமொழி ஒன்றேனும் இதில் இல்லை. “பெரும் அவதி”, “சொல்லொணாத் துயரம்” போன்ற சொற்கள் இல்லை. இரண்டு கடிகார நேரங்களை அடுத்தடுத்து வைத்ததே துயரம் முழுவதையும் சொல்லிவிடுகிறது. குறையோடு பரிகாரமும் சொல்லப்பட்டிருக்கிறது. அப்பரிகாரம் செலவு மிகுந்ததன்று என்பதும் சொல்லப்பட்டிருக்கிறது. கிராம சபையின் தீர்மானம் இருப்பதால், இது ஒருவருடைய புகார் அன்று, ஊரின் குரல் என்பதும் விளங்குகிறது. நிருபர் நேரில் வந்தால் சந்திப்பதற்கு மனிதர்களும் இருக்கிறார்கள்.

குறிப்பின் கீழே, விவரம் கேட்பதற்குரிய இருவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுத வேண்டும். அவ்விருவரும் அன்று மாலை வரை தொலைபேசியை எடுப்பவர்களாக இருத்தல் இன்றியமையாதது. தீர்மானத்தின் நகல், சேர்க்கைப் பதிவேட்டின்படி எடுத்த எண்ணிக்கை, பேருந்து கால அட்டவணை ஆகியவற்றைக் கையில் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். எண் ஒன்று தவறினால் குறிப்பு முழுவதும் நம்பிக்கையை இழக்கும். நம்மிடம் இல்லாத விவரம் அரசு அலுவலகத்தில் இருப்பின், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பித்துப் பெறலாம். முப்பது நாள்களுக்குள் விடை தரவேண்டும் என்பது அச்சட்டத்தின் பொது விதி.

நடை எளிமையாக இருக்கட்டும். 1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, சாமானியரும் எழுத்துக் கூட்டிப் படிக்கத்தக்க எளிய தமிழில் எழுதியே தேநீர்க்கடை வரை சென்றது. கல்வித் துறையின் ஆணைகளில் வரும் சுருக்கப் பெயர்களும் திட்டப் பெயர்களும் அலுவலகத்தாருக்கே விளங்கும். அவற்றை விரித்து எழுதுக. “கற்றல் விளைவுகள் மேம்பாடு அடைந்தன” என்பதைவிட “மூன்றாம் வகுப்பில் 22 பேரில் 20 பேர் பாடப் புத்தகத்தைத் தாமே வாசிக்கின்றனர்” என்பது எவர்க்கும் புரியும்.

படத்தைப் பற்றியும் ஒரு சொல். மேடையில் வரிசையாக நின்று பொன்னாடை போர்த்தும் படங்கள் பத்திரிகை அலுவலகத்தில் நாள்தோறும் குவிகின்றன. பிள்ளைகள் தோட்டத்தில் பாத்தி கட்டுவதும், நூலகத்தில் படிப்பதும், உடைந்த படிக்கட்டில் ஏறுவதும் சொல்லும் செய்தியை அப்படங்கள் சொல்லமாட்டா. கைப்பேசியில் பகல் வெளிச்சத்தில் எடுத்த தெளிவான படம் ஒன்றே போதும். படத்தில் யார், எங்கே, என்று என்பதை எழுதி அனுப்புக. வாட்ஸ்ஆப் குழுவில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போட்டுவிடுவதைவிட, ஒவ்வொரு நிருபருக்கும் தனித்தனியே அனுப்பி, ஒரு முறை தொலைபேசியில் நினைவூட்டுவது நன்று. ஒரு முறைக்கு மேல் நச்சரித்தல் வேண்டா.

பட்டம் அறிந்து விதைத்தல்

ஆடிப்பட்டம் தேடி விதைப்பவர்கள் நாம். செய்திக்கும் பட்டம் உண்டு. பள்ளி திறக்கும் காலத்தில் மாணவர் சேர்க்கையைப் பற்றிய செய்திக்கு இடம் கிடைக்கும். தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில், ஊரிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளையைப் பற்றிய செய்திக்கு இடம் கிடைக்கும். காமராசர் பிறந்த ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது. செப்டம்பர் 5 ஆசிரியர் நாள். செப்டம்பர் 8 உலக எழுத்தறிவு நாள். நவம்பர் 14 குழந்தைகள் நாள். இந்நாள்களில் பத்திரிகைகள் தாமே கல்விச் செய்திகளைத் தேடும். இரண்டு வாரம் முன்னதாகவே நம் செய்தியைச் சொல்லி வைத்தால், அவர்கள் வந்து பார்த்து எழுத அவகாசம் கிடைக்கும். குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், உள்ளாட்சி நாள் ஆகியவற்றையொட்டிக் கிராம சபை கூடும்போது, பள்ளி பற்றிய தீர்மானம் நிறைவேறுமானால் அதுவும் செய்திக்குத் தகுந்த காலமே.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் தேசிய வருவாய் வழித் திறனறித் தேர்வில் வென்றவர்களுக்கு, ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. இதில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நால்வர் வென்றனர் என்பது நல்ல செய்தி. அவர்களை ஆசிரியர் எவ்வாறு பயிற்றினார் என்பது அதனினும் நல்ல செய்தி. ஏனெனில் அதைப் படிக்கும் வேற்றூர் ஆசிரியரும் அவ்வாறே செய்ய முற்படுவார்.

பேச வேண்டியவர் யார்?

பள்ளியைப் பற்றி நன்கறிந்தவர் தலைமை ஆசிரியரே. எனினும் அவர் அரசு ஊழியர். அரசு ஊழியர் அரசின் கொள்கையையோ நடவடிக்கையையோ பத்திரிகையில் குறைகூறுதலை 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் தடுக்கின்றன. குறைகளைப் பற்றி ஆசிரியரைப் பேசச் சொல்லி அவரை இக்கட்டில் நிறுத்துவது ஊராருக்கு அழகன்று. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டுமென்று விதித்திருக்கிறது. ஆகவே, பிள்ளையைப் படிக்க வைக்கும் தாய் ஒருவரே பள்ளியின் சார்பில் பேசுவதற்கு உரிமையும் தகுதியும் உடையவர். பஞ்சாயத்துத் தலைவரும் அங்கத்தினர்களும் அவருக்குத் துணை நிற்கலாம். அவரை ஒதுக்கிவிட்டுத் தாங்களே பேசுதல் முறையன்று.

குறையைச் சொல்லும் கடமை

நம் ஊரின் குறையை ஊரறியச் சொல்வது மானக்கேடு என்று கருதுவோர் உளர். 2004 ஜூலை 16ஆம் நாளை அவர்கள் நினைத்துப் பார்த்தல் வேண்டும். அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக் கட்டடத்தில், மதிய உணவு சமைக்கும் இடத்தில் பற்றிய தீ, கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோயிற்று. அதன் பின்னர் நாட்டின் பத்திரிகைகள் அனைத்தும் கூரைக் கொட்டகைப் பள்ளிகளைப் பற்றி எழுதின. அவ்வாறு எழுதப்பட்டதெல்லாம் மெய். ஆனால் குழந்தைகள் மாண்ட பிறகு எழுதப்பட்டது. தீப்பற்றாத நாளிலும் கீற்றுக் கூரை கீற்றுக் கூரையாகவே இருந்தது. குறுகிய வழி குறுகிய வழியாகவே இருந்தது. நம் பள்ளியில் விரிசல் கண்ட சுவரும், மூடியில்லாத கிணறும், தாழ்ந்து தொங்கும் மின்கம்பியும் இருக்குமானால், அவை நேற்றும் இன்றும் இருப்பவை என்பதாலேயே செய்தியாகாமல் கிடக்கின்றன. அவற்றைச் சொல்லும் கடமை அருகில் இருப்பவருக்கே உரியது.

ஆயினும் வரிசை உண்டு. முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசித் தீர்மானம் எழுத வேண்டும். பின்னர் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மனு அளிக்க வேண்டும். ஆட்சித் தலைவர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடைபெறும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுத்து ஒப்புகை பெறலாம். போதிய காலம் பொறுத்தும் பயன் விளையாதபோது பத்திரிகையை நாடுவது முறை. அவ்வாறு நாடும்போது, எந்நாளில் யாருக்கு மனு அளித்தோம் என்பதைக் காட்டினால், நிருபர் அவ்வதிகாரியின் விளக்கத்தையும் கேட்டு எழுதுவார். அவ்விளக்கம் நமக்கு உவப்பானதாக இல்லாவிடினும் அது இடம்பெறுதலே நியாயம். உயிருக்கு ஆபத்து விளைக்கக்கூடிய குறையாயின் இவ்வரிசைக்காகக் காத்திராமல், பிள்ளைகளை அவ்விடத்திலிருந்து விலக்கிவிட்டு, அன்றே அதிகாரிகளுக்கும் பத்திரிகைக்கும் சொல்ல வேண்டும்.

குழந்தைகளின் மானம்

செய்தி வரவேண்டும் என்னும் ஆவலில் நாம் ஒருபோதும் கடக்கக்கூடாத எல்லை ஒன்றுண்டு. குழந்தையின் படத்தையோ பெயரையோ கொடுக்குமுன் பெற்றோரின் இசைவைப் பெறுதல் வேண்டும். குழந்தையின் விருப்பத்தையும் கேட்டல் வேண்டும். இலவசச் சீருடை பெறும் பிள்ளையைக் கைநீட்டி நிற்கவைத்துப் படமெடுப்பது அப்பிள்ளையின் மனத்தில் ஆறாத வடுவாகும். தந்தை குடிகாரர், தாய் விட்டுச் சென்றார் என்பன போன்ற வீட்டுச் செய்திகளை இரக்கம் உண்டாக்கும் பொருட்டு வெளியிடுதல் ஆகாது. நாளை அதே ஊரில் அப்பிள்ளை தலைநிமிர்ந்து நடக்க வேண்டும்.

பாலியல் குற்றத்திற்கு ஆளான குழந்தையின் பெயர், படம், முகவரி, குடும்பம், பள்ளி ஆகிய அடையாளம் எதனையும் வெளியிடுதலை 2012ஆம் ஆண்டின் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் 23ஆம் பிரிவில் தடை செய்கிறது. சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர், பாதுகாப்புத் தேவைப்படும் சிறுவர் ஆகியோருக்கும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அத்தகைய காப்பளிக்கிறது. குழந்தைத் திருமணம் தடுக்கப்பட்டது போன்ற செய்திகளிலும், பாராட்டும் நோக்கத்தோடுகூட அப்பெண்ணின் பெயரை வெளியே சொல்லலாகாது.

தவறு வந்தால்

சில வேளைகளில் தவறான செய்தி வெளிவரக்கூடும். உடனே பத்திரிகையைக் கொளுத்துவதும் நிருபரை மிரட்டுவதும் ஊரின் பெயரையே கெடுக்கும். தவறு எது, சரியான விவரம் எது, அதற்குச் சான்று எது என்பனவற்றைக் குறித்துப் பத்திரிகை ஆசிரியருக்கு எழுத வேண்டும். பெரும்பாலும் திருத்தம் வெளிவரும். வராவிடில், இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலுக்கு முறையிட வழியுண்டு. 1978ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் இயங்கும் அக்கவுன்சிலுக்கு, நாளிதழ், வார இதழ் பற்றிய முறையீட்டைச் செய்தி வெளிவந்த இரண்டு மாதங்களுக்குள் அனுப்ப வேண்டும்; முன்னரே ஆசிரியருக்கு எழுதியிருக்கவும் வேண்டும்.

செய்தி வந்தபின்

செய்தி வெளிவருவதோடு வேலை முடிந்ததென்று எண்ணலாகாது. அது வித்து முளைத்த நாள் மட்டுமே. வெளிவந்த பகுதியை வெட்டி ஒட்டித் தேதியோடு கோப்பில் வைக்க வேண்டும். மனுவோடு அதன் நகலை இணைக்க வேண்டும். கோரிக்கை நிறைவேறியதும் அதனையும் அதே நிருபருக்குத் தெரிவிக்க வேண்டும், பேருந்து 8.15க்கு வரத் தொடங்கி, நின்றுபோன பிள்ளைகளில் எத்தனை பேர் மீண்டும் பள்ளிக்குச் சென்றனர் என்பது முதற் செய்தியைவிடச் சிறந்த செய்தி. ஆணையிட்ட அதிகாரிக்கு நன்றி கூறவும் மறத்தலாகாது.

1958ஆம் ஆண்டு செங்கற்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கியது. கல்வி இயக்குநராக இருந்த திரு. நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் முன்னின்று நடத்திய அவ்வியக்கத்தில், பள்ளிக்கு வேண்டியவை இவை என்பது ஊரார் முன் வெளிப்படையாக வைக்கப்பட்டது. கரும்பலகையும் நாற்காலியும் மணியும் நிலமும் கட்டடமும் ஊராரே வழங்கினர். தேவை தெரிந்தால் தமிழ்நாட்டுக் கிராமத்தார் கைகட்டி நிற்பதில்லை என்பதற்கு அது சான்று. குடத்திலிட்ட விளக்காகப் பள்ளி இருக்கும் வரை அவ்வுதவி வந்து சேர்வதில்லை.

எனவே பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே மூன்று காரியங்களைச் செய்யலாம். பள்ளியில் இவ்வாண்டு நேர்ந்த மாற்றம் ஒன்றையும், தீர வேண்டிய குறை ஒன்றையும் எண்ணிக்கையோடு எழுதுக. பேசுவதற்குரிய தாய் ஒருவரையும் அவருக்குத் துணையாக ஒருவரையும் தேர்ந்தெடுக்க. உங்கள் ஒன்றியத்திற்குரிய நிருபர்களின் பெயர்களையும் எண்களையும் ஒரு தாளில் எழுதி, பள்ளியிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் வைக்க. இதற்குப் பணம் வேண்டா. ஒரு மாலைப் பொழுது போதும். நம் பிள்ளைகளுக்காக நாம் பேசாவிடில் வேறு எவர் வந்து பேசுவார்?